வாரம் ஒரு ஊசி: தொடங்கும் முன், தொடங்கிய பின் – வாசகர் கேள்வி பதில்

உடல் எடை குறைப்பு ஊசி பற்றி வந்த கடிதங்களே இம்முறை அதிகம். எல்லாமே இரண்டு மருந்துகளைச் சுற்றித்தான்: செமாக்ளூடைட், டிர்செபடைட். வெகோவி, மௌஞ்சாரோ என்ற பெயர்களில் இவை 2025-ல் இந்தியக் கடைகளுக்கு வந்தன. அட்டையில் பிராண்டு பெயர் எதுவாக இருந்தாலும் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். கீழுள்ள பதில்களில் அந்தப் பெயரைத்தான் சொல்லியிருக்கிறோம். இரண்டுக்கும் விதிமுறைகள் சற்று மாறும்.

முதல் ஊசி போட்டுப் பத்து நாள் ஆகிறது. பசியும் குறையவில்லை, எடையும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு முதல் வாரமே வேலை செய்ததாம். டோஸைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாமா?
*– வாசகி, திருநெல்வேலி*

இப்போது வேண்டாம். நீங்கள் போட்டிருப்பது எடை குறைக்கும் டோஸே அல்ல, வயிற்றைப் பழக்கும் டோஸ். செமாக்ளூடைட் என்றால் முதல் நான்கு வாரம் 0.25 மி.கி., பிறகு நான்கு நான்கு வாரமாக 0.5, 1, 1.7 என்று ஏறி 2.4 மி.கி.க்கு வரும். டிர்செபடைட் 2.5 மி.கி.யில் தொடங்கி நான்கு வாரத்துக்குப் பின் 5 ஆகும். அதற்கு மேல் தேவைப்பட்டால் மட்டும், ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு வாரம் இருந்து, 2.5 மி.கி. வீதம் ஏற்றுவார்கள். உச்சம் 15 மி.கி.

இப்படி மெதுவாக ஏற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. செமாக்ளூடைட் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரமும், டிர்செபடைட் பாதியாக ஐந்து நாளும் ஆகும். போன வார மருந்து முழுதாகத் தீரும் முன்பே அடுத்த ஊசி சேர்கிறது. ஒரே டோஸில் இருந்தாலும் நான்கைந்து வாரம் வரை ரத்தத்தில் அதன் அளவு கூடிக்கொண்டே போகும். பத்தாம் நாள் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவசரப்பட்டு ஏற்றியவர்கள்தான் வாந்தியோடு வந்து ஊசியையே நிறுத்துகிறார்கள்.

முதல் மாதம் ஒன்றிரண்டு கிலோ இறங்கலாம், இறங்காமலும் போகலாம். மருந்து பற்றிய பெரிய ஆய்வுகள் முடிவாக எடையைக் கணக்கெடுத்ததே ஓராண்டுக்கும் மேல் கழித்துத்தான். செமாக்ளூடைட் 2.4 மி.கி. போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. டிர்செபடைட் போட்டவர்களுக்கு 72 வாரத்தில், டோஸைப் பொறுத்து, 15 முதல் 21 சதவீதம் வரை. சராசரி என்றால் அதற்குக் கீழே நின்றவர்களும் நிறையப் பேர். எடை பார்ப்பதை வாரம் ஒரு முறை, அதே கிழமை, காலையில், சாப்பிடும் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒரு முறை குறித்து வையுங்கள்.

ஊசி போட்ட மறுநாளிலிருந்து குமட்டல். ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை வாடை. மூன்று நாளாக வெளிக்கும் போகவில்லை. என்ன சாப்பிடுவது, எதைத் தவிர்ப்பது?
*– வாசகர், ஈரோடு*

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். இந்த மருந்து மூளையில் பசியை அடக்குவதோடு இரைப்பை காலியாகும் வேகத்தையும் குறைக்கிறது. வழக்கம்போல் தட்டு நிறையச் சாப்பிட்டால் அது அப்படியே தேங்கி நிற்கும். தேங்கியது புளித்தால் அந்த ஏப்பம், மேலே ஏறினால் எதுக்களிப்பு. ஊசிக்குப் பின் முதல் மூன்று நாளில்தான் தொல்லை அதிகம், வாரக் கடைசியில் தணியும். டோஸ் ஏறும் ஒவ்வொரு முறையும் சில நாள் திரும்ப வரும்.

முதல் வேலை அளவைப் பாதியாக்குவது. நான்கு இட்லி சாப்பிடுகிறவர் இரண்டோடு எழுந்துவிடலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய தட்டை விட்டு டிபன் தட்டு எடுங்கள். 'போதும் போல இருக்கிறதே' என்று தோன்றும் முதல் நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். அதன் மேல் போகும் இரண்டு கவளம்தான் ராத்திரி வாந்தியாக வருகிறது. தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம். அதனால் போடும்போதே குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது எண்ணெய். கொழுப்பு இயல்பிலேயே இரைப்பையில் நெடுநேரம் தங்கும். மருந்தும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஊசி போட்ட நாளும் அடுத்த இரண்டு நாளும் பூரி, வடை, பரோட்டா சால்னா, பிரியாணி வேண்டாம். ரசம் சாதம், இட்லி, இடியாப்பம், மோர் சாதம், வேகவைத்த முட்டை ஒத்துப்போகும். சோடா, கோலா வகைகள் காற்றை நிரப்பி ஏப்பத்தைக் கூட்டும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது படுக்காதீர்கள். இரவு உணவை ஏழரைக்குள் முடிப்பவர்களுக்கு எதுக்களிப்பு வெகுவாகக் குறைகிறது. மது குமட்டலைக் கூட்டும், கணையத்துக்கும் நல்லதல்ல.

மலச்சிக்கலுக்கு முதல் காரணம், சாப்பாடு குறையும்போது அதோடு தண்ணீரும் குறைந்துவிடுவது. பசியோடு தாகமும் மங்கும் என்பதால் தோன்றும்போது குடிக்கலாம் என்று விடக்கூடாது. சிறுநீரகம், இதயம் காரணமாகத் தண்ணீர் கட்டுப்பாடு இல்லாதவர்கள் நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் குடிக்கலாம். ஒரே மூச்சில் வேண்டாம், கால் டம்ளர் அரை டம்ளராகக் குடியுங்கள். கீரை, அவரை, கொய்யா சேர்க்கலாம். இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூள் போடுபவர்கள் முழு டம்ளர் தண்ணீரோடு குடியுங்கள். தண்ணீர் பற்றாமல் போட்டால் அதுவே கட்டிக்கொள்ளும். அப்படியும் நான்கைந்து நாள் போகவில்லை என்றால் மருத்துவர் லாக்டுலோஸ் போன்ற மருந்து தருவார்.

இவ்வளவு செய்தும் ஒரு டோஸ் தாங்கவில்லையா? அடுத்த படிக்கு ஏறாமல் அதே டோஸில் இன்னும் நான்கு வாரம் இருக்கலாம், ஒரு படி இறங்கவும் செய்யலாம். உச்ச டோஸ் தொட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குறைந்த டோஸிலேயே எடை இறங்குகிறது என்றால் அதில் நின்றுவிடுவது வயிற்றுக்கும் பர்ஸுக்கும் நல்லது.

எனக்குக் குப்பியில் வரும் டிர்செபடைட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் அம்மாவின் இன்சுலின் சிரிஞ்ச் இருக்கிறது. அதிலேயே போடலாமா? எங்கே, எப்படிப் போடுவது?
*– வாசகர், தஞ்சாவூர்*

இங்கேதான் கவனம் வேண்டும். குப்பியில் இருப்பது ஒரு முறைக்கான மருந்து, 0.5 மி.லி. இன்சுலின் சிரிஞ்சில் கோடுகள் மி.லி.யில் இருக்காது, யூனிட்டில் இருக்கும். நம் ஊரில் இரண்டு வகை சிரிஞ்ச் புழங்குகிறது. சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்சில் 0.5 மி.லி. என்பது 20-ஆம் கோடு. ஆரஞ்சு மூடி போட்ட யு-100 சிரிஞ்சில் அதுவே 50-ஆம் கோடு. யாரோ சொன்ன 'இருபது வரைக்கும் இழு' என்பதை யு-100 சிரிஞ்சில் செய்தால் பாதி மருந்துகூட உள்ளே போகாது. கடையில் மி.லி. குறியிட்ட 1 மி.லி. சிரிஞ்ச் கேட்டு வாங்கிவிட்டால் குழப்பமே இல்லை. முதல் முறை மருத்துவமனையிலேயே செவிலியர் பார்க்க நீங்களே போட்டுப் பழகுங்கள்.

இடம்: தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வயிறு, அல்லது தொடையின் முன்பக்கம். மேல்கையின் பின்பக்கம் என்றால் இன்னொருவர் போட்டுவிட வேண்டும். வாரா வாரம் இடம் மாற்றுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் கொழுப்பு கட்டிதட்டி மருந்து சரியாக இறங்காது. மருந்து தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ போடாதீர்கள்.

பேனா ஊசி வாங்கியவர்களுக்கு: ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை, 4 மி.மீ. நீளம் போதும். மௌஞ்சாரோ பேனாவில் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் சிறிது மருந்தை வெளியே தள்ளிச் சரிபார்க்க வேண்டும். வெகோவியில் புதுப் பேனாவைத் தொடங்கும்போது மட்டும் அந்தச் சோதனை. குத்தியபின் பொத்தானை முழுவதும் அழுத்தி, எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் மெதுவாக ஆறு எண்ணி ஊசியை எடுங்கள். தோலில் ஒரு சொட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் ஒழுகினால் அவசரப்பட்டு எடுத்திருக்கிறீர்கள். அதற்காக இன்னொரு டோஸ் போட்டுவிடாதீர்கள். முடிந்ததும் ஊசிமுனையைக் கழற்றிவிட்டுத்தான் பேனாவை வைக்க வேண்டும். மாட்டியபடி வைத்தால் மருந்து கசியும், காற்று புகும், முனை அடைத்துக்கொள்ளும்.

நான்கு டோஸ் முடிந்தும் மௌஞ்சாரோ பேனாவில் மருந்து மிச்சம் தெரிகிறது. அதை சிரிஞ்சில் உறிஞ்சி ஐந்தாவது வாரத்துக்குப் போடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
*– வாசகி, கோயம்புத்தூர்*

போடுகிறார்கள். போடக்கூடாது. மிச்சமாகத் தெரிவது ஒவ்வொரு முறை சரிபார்க்கத் தள்ளும் மருந்துக்காகக் கூடுதலாக நிரப்பியது. அது ஒரு முழு டோஸ்தானா என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பேனாவைத் திறந்து 30 நாள் வரைதான் வைத்திருக்கலாம், ரப்பர் அடைப்பில் சிரிஞ்ச் குத்தும்போது கிருமியும் போகலாம். கணவன் மனைவி இருவரும் ஊசிமுனையை மட்டும் மாற்றி ஒரே பேனாவைப் பங்கு போடுவதும் இதே ரகம்தான். ரத்தம் பின்னோக்கி உள்ளே போக வாய்ப்புண்டு. பேனா ஒருவருக்கு ஒன்று.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அதை மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள். எந்த டோஸில் நிற்கலாம், வேறு பிராண்டுக்கு மாறலாமா என்று அவர் பார்ப்பார். பில் இல்லாமல், குளிர்ப்பெட்டி இல்லாமல், இணையத்தில் பாதி விலைக்கு வருவதை வாங்காதீர்கள். போலி செமாக்ளூடைட் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது.

எங்கள் ஊரில் நாளைக்கு மூன்று மணி நேரம் கரண்ட் இருக்காது. மருந்து கெட்டுவிடுமா? ரயிலில் எடுத்துப் போவது எப்படி?
*– வாசகர், திருவண்ணாமலை*

மூன்று மணி நேரம் கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜின் குளிர் தாங்கும். பயப்பட வேண்டியது சூட்டைவிட உறைபனிக்கு. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் வைத்தால் மருந்து உறைந்துபோகும். உறைந்து உருகிய பேனா பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகாது. நடுத்தட்டில், அட்டைப்பெட்டியோடு, 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள்.

தொடங்கிய பேனாவை 30 டிகிரிக்குக் கீழே வெளியிலும் வைக்கலாம். வெகோவி ஆறு வாரம், மௌஞ்சாரோ 30 நாள். மற்ற பிராண்டுகளுக்கு உள்ளே இருக்கும் தாளைப் பாருங்கள். சித்திரை வைகாசியில் நம் வீட்டு அறையே 30-ஐத் தாண்டும் என்பதால் கோடையில் ஃப்ரிட்ஜ்தான். பயணத்துக்கு ஒரு ஃபிளாஸ்க்கோ குளிர்ப் பையோ போதும், ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி மருந்தைத் தொடாமல் வையுங்கள். விமானத்தில் கைப்பையில், மருந்துச்சீட்டோடு. நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊசியை மறந்துவிட்டேன், புதன்தான் ஞாபகம் வந்தது.
*– வாசகி, சேலம்*

இரண்டு மருந்தானாலும் புதனன்றே போட்டுக்கொள்ளலாம், அடுத்தது வழக்கம்போல் ஞாயிறு. செமாக்ளூடைட் ஐந்து நாள் வரையும், டிர்செபடைட் நான்கு நாள் வரையும் தாமதமாகப் போடலாம். அதைத் தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். இரட்டை டோஸ் கூடாது. கிழமையையே மாற்ற நினைத்தால் இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது மூன்று நாள் இருக்கட்டும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து விட்டுப்போனவர்கள் பழைய உயர்ந்த டோஸில் நேராக இறங்காமல் மருத்துவரைக் கேளுங்கள். வயிறு பழக்கத்தை மறந்திருக்கும்.

அப்பாவுக்கு 64 வயது. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, பிரஷர் மாத்திரை எடுக்கிறார். சர்க்கரைக்கும் எடைக்கும் சேர்த்து இந்த ஊசி எழுதியிருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
*– வாசகி, சென்னை*

முதலில் கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை. ஊசி மட்டும் தனியாகச் சர்க்கரையைத் தாழ்த்துவது அரிது. ஆனால் கிளிமெபிரைடு, கிளிக்லசைடு அல்லது இன்சுலினோடு சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரும், அதுவும் அப்பா சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்திருக்கும் நேரத்தில். ஊசி தொடங்கும் அன்றே அந்த மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மாதம் வீட்டில் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பார்க்க வேண்டும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்து 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள்.

இரண்டாவது கண். சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு இருப்பவர்களுக்கு அளவு திடீரென்று இறங்கும்போது பாதிப்பு தற்காலிகமாகக் கூடலாம். தொடங்கும் முன் விழித்திரைப் பரிசோதனை செய்துவிடுங்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கிரியேட்டினின் (சிறுநீரகம்), கல்லீரல் பரிசோதனைகளும் கையில் இருக்கட்டும்.

மூன்றாவது, வாந்தி பேதி வரும் நாள். உடலில் நீர் வற்றும்போது சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரகத்தைச் சிக்கலில் விடும், சிறுநீரகம் மந்தமானால் மெட்ஃபார்மின் உடலில் தேங்கும். டாபாக்ளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தும் உண்டு. 'உடம்பு சரியில்லாத நாளில் எதை நிறுத்த வேண்டும்' என்பதை முன்கூட்டியே சீட்டில் எழுதி வாங்குங்கள். எடை இறங்க இறங்க பிரஷரும் இறங்கும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் அந்த மாத்திரையைக் குறைக்கும் நேரம் வந்திருக்கலாம்.

எனக்கு 29 வயது, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். அடுத்த வருடம் குழந்தைக்கு முயற்சி செய்ய நினைக்கிறோம்.
*– வாசகி, பெங்களூரு*

டிர்செபடைட் என்றால் மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். இரைப்பை மந்தமாவதால் மாத்திரை உடலில் சேர்வது குறையும். தொடங்கிய பின் நான்கு வாரமும், ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றிய பின் நான்கு வாரமும் ஆணுறையும் சேர்ந்திருக்க வேண்டும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு எடை குறைந்தாலே கருமுட்டை ஒழுங்காக வெளியேறத் தொடங்கும். எதிர்பாராமல் கர்ப்பமாவது இப்படித்தான். குழந்தைக்கு முயற்சி செய்யும் முன் செமாக்ளூடைடை இரண்டு மாதமும் டிர்செபடைடை ஒரு மாதமும் முன்பே நிறுத்திவிட வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போதும் வேண்டாம்.

எட்டு கிலோ குறைந்தது, ஆனால் முடி கொத்தாகக் கொட்டுகிறது, படியேறினால் கால் தளர்கிறது. நாங்கள் சுத்த சைவம்.
*– வாசகி, கும்பகோணம்*

உங்கள் தட்டில் பருப்பு போதவில்லை என்று தோன்றுகிறது. வேகமாக எடை குறையும்போது இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், எடை நிலைத்ததும் பெரும்பாலும் திரும்ப வளரும். இரும்புச்சத்து, தைராய்டு மட்டும் பார்த்துவிடுங்கள். கால் தளர்ச்சியை அப்படி விட முடியாது. குறையும் எடையில் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத எடை, அதில் தசையும் சேரும். கவனிக்காவிட்டால் உடல் இளைக்கும், தொப்பை மிஞ்சும்.

சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் அளவுக்காவது புரதம் சேர்க்க வேண்டும். சைவத்தில் கணக்கு இப்படி வரும்: உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 26 கிராம் புரதம், பனீர் 100 கிராமில் 18, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14, தயிர் ஒரு கிண்ணத்தில் 7, ஒரு டம்ளர் பாலில் 6. மொத்தம் 71. இட்லி ஒன்றில் இரண்டு கிராம்தான், அதை நம்பிப் பயனில்லை. பசி குறைவாக இருப்பதால் முதலில் சுண்டல், கூட்டு, பனீர், கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றுங்கள். நடை மட்டும் தசையைக் காக்காது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டில் தூக்குவது என்று வாரம் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள்.

எந்த வலிக்கு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?
*– வாசகர், நாகர்கோவில்*

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்ந்து, விடாமல் நிற்கும் கடும் வலி. வாந்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணைய அழற்சி என்று எண்ணி உடனே போங்கள், அடுத்த ஊசி போடாதீர்கள். வலது விலாவுக்குக் கீழ் வலியோடு காய்ச்சலோ மஞ்சள் கண்ணோ இருந்தால் பித்தப்பை. எடை வேகமாகக் குறைந்தாலே கல் சேர வாய்ப்புண்டு. தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமை, திடீர்ப் பார்வை மங்கல், முகவீக்கத்தோடு மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. தைராய்டு மெடுல்லரி புற்றுநோய் உங்களுக்கோ ரத்த சொந்தத்திலோ இருந்தால் இந்த ஊசியே கூடாது. அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ இருந்தால் நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். பட்டினி கிடந்தும் இரைப்பையில் உணவு இருக்கும், மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகலாம்.

உயரம் 160 செ.மீ., எடை 62. மூன்று மாதத்தில் கல்யாணம். ஆறு கிலோ குறைந்தால் போதும், பிறகு நிறுத்திவிடுவேன்.
*– வாசகி, மதுரை*

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 24 சொச்சம். எடை குறைப்புக்கு இந்த ஊசி பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 27 அல்லது அதற்கு மேல் இருந்து சர்க்கரை, பிரஷர், குறட்டையோடு மூச்சுத்தடை போன்றவை உள்ளவர்களுக்கும்தான். மூன்று மாதத்தில் நீங்கள் டோஸ் ஏற்றி முடித்திருக்கவே மாட்டீர்கள், குமட்டலோடு மணமேடையில் உட்காருவீர்கள். நிறுத்திய பின் நடப்பதையும் கேளுங்கள்: செமாக்ளூடைட் ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே வருடத்தில் திரும்பப் பெற்றார்கள். இது பிரஷர் மாத்திரை மாதிரி நீண்ட நாள் சிகிச்சை.

போட்ட ஊசிமுனைகளை என்ன செய்வது?
*– வாசகர், புதுச்சேரி*

கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடி. ஷாம்பு பாட்டில் போதும். முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, டேப் ஒட்டி, 'ஊசி' என்று எழுதி, மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ அவர்களது மருத்துவக் கழிவோடு வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும் என்பதால் வீட்டுக் குப்பையில் அப்படியே போடாதீர்கள்.